குறுணல் கூடிய மாதங்கள்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ள ஒரு நெல் ஆலையில் நான் ஏழு ஆண்டுகள் கணக்கு இலிகிதராகப் பணியாற்றினேன். உள்ளே வந்த நெல்லின் நிறை, அதிலிருந்து கிடைத்த முழு அரிசி, உடைந்த அரிசியான குறுணல், தவிடு ஆகியவற்றை ஒவ்வொரு மாலையும் பேரேட்டில் பதிவதே என் முதன்மையான வேலை. அந்த ஏழு ஆண்டுகளில் ஆலைக்கு இரண்டு முகாமையாளர்கள் வந்து போனார்கள். முதலாளி ஒருவரே. இயந்திரங்களும் அவையே. நெல்லும் பெரும்பாலும் அதே வயல்களிலிருந்தே வந்தது. ஆயினும் முதலாமவரின் காலத்தில் குறுணல் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனது; இரண்டாமவர் வந்து ஒரு போகம் முடிவதற்குள் அது குறையத் தொடங்கியது. முழு அரிசி விற்கும் விலைக்குக் குறுணல் விற்பதில்லை என்பதால், பேரேட்டின் அந்த ஒரு நிரலே ஆலையின் இலாபத்தையும் நட்டத்தையும் தீர்மானித்தது. இரண்டு காலத்தையும் ஒரே மேசையில் இருந்து பார்த்தவள் என்ற முறையில், அதிகாரம் ஒரு நிறுவனத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அரிசி ஏன் உடைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். புழுங்கல் அரிசிக்காக அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். ஈரப்பதன் ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு வந்த பின்னரே அரைக்க வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு ஒரே மூச்சில் காய வைத்தால், மணியின் வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருக்க, மணிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. ஆகவே பாதி காய்ந்ததும் நெல்லைக் குவித்துச் சில மணி நேரம் ஆற விட்டு, ஈரம் மணிக்குள் சமமாகப் பரவிய பின்னர் மீண்டும் பரப்ப வேண்டும். எங்கள் களத்தில் இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் அறுபதைக் கடந்த ஒருவர். அண்ணன் என்ற பொருளில் அனைவரும் அவரைக் 'காக்கா' என்றே அழைத்தோம். அவர் ஒரு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்து, அது நொறுங்கும் விதத்தைக் கொண்டே குவிப்பதா பரப்புவதா என்று சொல்லுவார். ஈரமானிக் கருவி காட்டும் எண்ணை நான் எழுதிக்கொண்டு போய் அவரிடம் சொல்லும்போது, பெரும்பாலும் அவர் அதை முன்னரே சொல்லியிருப்பார்.

முதலாவது முகாமையாளரின் காலத்தில், ஒரு பங்குனி மாத மதியம். பெரும்போக நெல் மலை மலையாக வந்து குவிந்திருந்தது; மறுநாள் கொழும்புக்குப் போக லொறி பேசியாகிவிட்டது. முகாமையாளர் களத்துக்கு வந்து, நெல்லைக் குவிக்க வேண்டாம் என்றும், இரவோடு இரவாக அரைத்து முடிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டுவிட்டுத் திரும்பினார். காக்கா ஒரு மணியை எடுத்துக் கடித்தார். என்னைப் பார்த்தார். பின்னர் எதுவும் பேசாமல் பலகையை எடுத்து நெல்லைக் கிளறத் தொடங்கினார். அரிசி உடையும் என்று அவருக்குத் தெரியும் என்பதை அவருடைய முகமே சொன்னது. முகாமையாளர் போன பின்னர், "சேரிட்ட ஏன் காக்கா சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொல்லி என்ன செய்யிற தங்கச்சி? போன மாசம் சொன்னவன்ட சம்பளத்தில வெட்டின காச நீங்கதானே எழுதின."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். முந்திய மாதம் உமி நீக்கும் இயந்திரத்தின் இரப்பர் உருளை தேய்ந்துவிட்டது என்று ஓர் இளைஞன் வந்து சொன்னான். உருளை தேய்வது இயல்பு. ஆனால் அவனுடைய கவனக்குறைவால்தான் தேய்ந்தது என்று முகாமையாளர் முடிவு செய்து, புதிய உருளையின் விலையில் ஒரு பகுதியை அவனுடைய சம்பளத்தில் கழிக்கச் சொன்னார். நான் கழித்தேன். தொழிலாளியின் சம்பளத்தில் முகாமையாளர் தம் விருப்பத்துக்குக் கை வைக்க, 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இடமளிப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட கழிப்புகளைத் தவிர மற்றவற்றுக்கு அங்கே இடமில்லை. அந்த இளைஞனுக்கு அது தெரியாது. எனக்கு ஓரளவு தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காக நான் இன்றுவரை வருந்துகிறேன்.

அந்த ஒரு கழிப்புக்குப் பின்னர் உருளை தேய்ந்துவிட்டது என்று எவரும் வந்து சொல்லவில்லை. தேய்ந்த உருளையில் உமி நீங்காத நெல் அரிசியோடு கலந்து வெளியே வரும். அது கண்ணுக்குப் படும் குறை என்பதால் உடனே பிடிபட்டுவிடும். ஆகவே தொழிலாளர்கள் இரு உருளைகளுக்கும் இடையிலான இடைவெளியைக் கூடுதலாக இறுக்கினார்கள். உமி நீங்கியது, கூடவே அரிசியும் உடைந்தது. குறை மறைந்துவிட்டது போலத் தோன்றியது, ஆனால் அது உண்மையில் வேறொரு நிரலுக்கு இடம் மாறியிருந்தது. மாலையில் என் பேரேட்டில் குறுணலின் நிறையாக அது வந்து உட்கார்ந்துகொண்டது. உருளைக்காகச் சம்பளத்தில் மீதப்படுத்திய தொகையைப் போலப் பல மடங்கை ஆலை குறுணலில் இழந்தது. முகாமையாளரோ மட்டமான நெல்லை ஏற்றிவிட்டார்கள் என்று வயற்காரர்களைக் குறை சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையைச் சொல்ல ஆலையில் எவரும் இல்லாத நிலையை அவரே உண்டாக்கியிருந்தார்.

இதுவே என் கருத்தின் சாரம். தொழிலாளியின் கை அசைவதையும் அசையாததையும் முகாமையாளரின் அதிகாரம் தீர்மானிக்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. அதைவிடப் பெரிய விடயம், முகாமையாளரின் காதுக்கு எது வந்து சேரும், எது சேராது என்பதையும் அந்த அதிகாரமே தீர்மானிக்கிறது என்பது. நிறுவனத்தின் பெறுபேறு பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் தங்கியிருக்கிறது.

ஆலையை விட்டு விலகிய பின்னர் மாலை வகுப்பில் முகாமைத்துவம் படித்தபோது, நான் கண்டவற்றுக்குப் பெயர்கள் இருப்பதை அறிந்தேன். ஜோன் ஃபிரெஞ்ச், பெர்ட்ராம் ராவன் என்ற இரு சமூக உளவியலாளர்கள் 1959 இல் அதிகாரத்தின் அடித்தளங்களை ஐந்தாக வகுத்தார்கள். தண்டிக்க முடிவதால் வருவது ஒன்று; பரிசளிக்க முடிவதால் வருவது ஒன்று; பதவி தரும் உரிமையால் வருவது ஒன்று; தொழில் அறிவால் வருவது ஒன்று; பிறர் மதித்துப் பின்பற்ற விரும்புவதால் வருவது ஒன்று. எங்கள் ஆலையில் முதல் மூன்றும் முகாமையாளரின் அறைக்குள் இருந்தன. நான்காவது களத்தில், காக்காவின் கடைவாய்ப் பல்லில் இருந்தது. பதவியின் அதிகாரம் தொழில் அறிவின் அதிகாரத்தை அடக்கும்போது முதலில் தோற்பது தொழிலாளி போலத் தெரியும். ஆனால் அடுத்த மாதக் கணக்கில் தோற்பது நிறுவனம்தான்.

அச்சம் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் என்பதையும் அந்தக் காலத்தில்தான் கண்டேன். முகாமையாளர் மேற்பார்வையாளரிடம் எந்தக் குரலில் பேசினாரோ, அதே குரலில் மேற்பார்வையாளர் மூடை சுமப்பவர்களிடம் பேசினார். இயல்பில் அவர் அப்படிப்பட்டவர் அல்லர். தொழிலாளர்களிடையே ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கும் வழக்கம் வந்தது, ஏனென்றால் குறை எவர் மீதாவது விழுந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், தன் மீது விழாமல் பார்த்துக்கொள்வதே ஒவ்வொருவருக்கும் முதல் வேலையாகிவிட்டது. சம்பளம் கழிக்கப்பட்ட அந்த இளைஞன் கட்டாருக்குப் போய்விட்டான். அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு நெல்லின் பக்குவம் பழக ஒரு முழுப் போகம் தேவைப்பட்டது. அந்தப் போகத்தின் நட்டத்தை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முகாமையாளரின் மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்டதும் ஆலை முழுவதும் சுறுசுறுப்பாகும். சத்தம் தேய்ந்ததும் வேலையும் தேய்ந்துவிடும். உளவியலாளர் கேர்ட் லெவினும் அவருடைய மாணவர்களும் அமெரிக்காவின் அயோவாவில் சிறுவர் குழுக்களை வைத்து நடத்தி 1939 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. கட்டளையிட்டு நடத்தும் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் அந்தக் குழுவின் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தும் தலைவர் வெளியேறிய போது குழு ஏறக்குறைய முன்போலவே வேலையைத் தொடர்ந்தது.

இரண்டாவது முகாமையாளர் மென்மையானவர் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அரிசி மூடைகளை இரவில் வெளியே கடத்திய ஒருவரை விசாரித்து, தவறு உறுதியானதும் வேலையிலிருந்து நீக்கினார். நேரம் தவறுவதை அவர் பொறுப்பதில்லை. ஆனால் அவர் வந்த முதல் வாரத்திலேயே மூன்று காரியங்களைச் செய்தார். இரப்பர் உருளைகளை ஓடிய மணித்தியாலத்தைக் கணக்கிட்டு மாற்றுவது என்று விதி வகுத்தார். அதனால் தேய்மானம் எவருடைய குற்றமும் அல்லாமல் இயந்திரத்தின் இயல்பாயிற்று. காக்கா சரி என்று சொல்லும்வரை களத்திலிருந்து ஒரு மூடையும் இயந்திரத்துக்குப் போகக் கூடாது என்றும், தம் கட்டளையே ஆனாலும் போகக் கூடாது என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மூன்றாவதாக ஒரு கொப்பியைக் கொண்டுவந்து இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டார். அதில் குறையை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு நிரல்கள் இருந்தன: 'கண்ட நேரம்', 'சொன்ன நேரம்'.

அந்த இரண்டு நிரல்களின் பொருள் எனக்குப் புரியச் சில வாரங்கள் எடுத்தன. முதலில் இரண்டுக்கும் இடையில் ஒரு நாள், அரை நாள் என்று இடைவெளி இருந்தது. அதைக் காரணம் காட்டி அவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க காலையில கண்டத ஏன் பின்னேரம் சொல்ல வேண்டி வந்தது? நான் எங்க இருந்தன்?" என்று மட்டும் கேட்பார். இடைவெளிக்குக் காரணத்தைத் தம்மிடம் தேடியவர் அவர். படிப்படியாக அது மணித்தியாலங்களாகி, பின்னர் நிமிடங்களாகச் சுருங்கியது. அவரே ஒருமுறை, லொறிக்குத் தாம் தவறான நாளைக் கொடுத்துவிட்டதாக அதே கொப்பியில் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டார். அதற்கு மறுநாள் கொப்பியில் விழுந்த பதிவுகள் அதற்கு முந்திய வாரம் முழுவதும் விழுந்தவற்றைவிட அதிகம்.

ஆனால் முதலாளி அந்தக் கொப்பியைப் பார்த்துக் கலங்கிவிட்டார். முன்பு இத்தனை குறைகள் இருக்கவில்லையே என்பது அவருடைய கேள்வி. எமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் இதே புதிரைச் சந்தித்திருக்கிறார். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த அவர், நன்றாக வழிநடத்தப்பட்ட பிரிவுகளிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். அங்கே தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை; நடந்தவற்றை அச்சமின்றிச் சொன்னார்கள். 1999 இல் வெளியான ஆய்வில் அவர் அந்த அச்சமின்மையை உளப் பாதுகாப்பு என்று விளக்கினார். எங்கள் முதலாளி இவற்றையெல்லாம் படித்தவர் அல்லர். நான் குறுணல் நிரலை மாத வாரியாக எழுதிக் காட்டிய பின்னர் அவர் அந்தக் கொப்பியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினார்.

நேர்மையைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். முதலாவது முகாமையாளரின் காலத்தில் இது பிந்தியே கட்டப்படும். இரண்டாமவர் மாதந்தோறும் கட்டிய பற்றுச்சீட்டை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொன்னார். தலைவரின் சொல்லை நம்பலாமா என்று தொழிலாளி அவருடைய உரைகளைக் கொண்டு அளப்பதில்லை. அந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டே அளக்கிறார்.

இந்த மண்ணுக்கு இதைவிடப் பெரிய பாடம் ஒன்று எங்கள் மாவட்டத்தின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் இருக்கிறது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் உருவானது. முப்பது ஆண்டுகளுக்குள் அதன் இடது கரைத் திட்டம் நாட்டிலேயே மிகவும் சீரழிந்த நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்று என்று பெயரெடுத்தது. மதகுகளில் பெரும்பாலானவை உடைந்து கிடந்தன. வாய்க்காலின் தலைப்பகுதியில் இருந்தவர்கள் தண்ணீரை அளவின்றி எடுக்க, கடைசிக் காணிகளில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்குப் பல போகங்கள் தண்ணீர் வந்து சேரவில்லை. அதிகாரிகள் விவசாயிகளைப் பொறுப்பற்றவர்கள் என்றார்கள்; விவசாயிகள் அதிகாரிகளை நம்பவில்லை. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமைப்பாளர்கள் என்ற பெயரில் இளம் பட்டதாரிகளை அந்தக் கிராமங்களில் தங்கி வாழ அனுப்பின. அவர்களிடம் கட்டளையிடும் அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் இருந்த விவசாயிகளோடு பேசி, அவர்களே ஒருமனதாகத் தங்கள் பிரதிநிதியைத் தெரிவு செய்ய உதவினார்கள். அந்தப் பிரதிநிதிக்குச் சம்பளமும் இல்லை.

1981 இல் குளத்தில் ஏறத்தாழ கால்பங்கு நீரே இருந்தது. சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு இருக்க முடியாது. ஆனால் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீரைப் பகிர்ந்தார்கள். தலைப்பகுதியில் இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீரைக் கடைசிக் காணிகளுக்கு விட்டார்கள். கோர்னெலைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொஃப் இந்த மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதில் என்னை மிகவும் கவர்ந்தது பொறியியலாளர்களிடம் வந்த மாற்றமே. தொடக்கத்தில் ஐயத்தோடு பார்த்தவர்கள், எந்த மதகில் எங்கே கசிகிறது என்பதை விவசாயி தங்களைவிட நன்றாக அறிவார் என்று கண்டதும், அவர்களோடு வாய்க்கால் கரையில் நடந்து கேட்கத் தொடங்கினார்கள். மண்ணும் குளமும் மனிதரும் மாறவில்லை. அறிவு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகலாம் என்பது மட்டுமே மாறியது.

பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூடையை எண்ணலாம், எண்ணக்கூடிய வேலையைப் பயமும் செய்விக்கும். மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு 'இன்னும் ஆறவில்லை' என்று சொல்லும் வேலையை எண்ண முடியாது, அதை எவராலும் கட்டாயப்படுத்திப் பெற முடியாது. பெரிய வயற்காணிகளின் உரிமையாளர்களான பழைய போடியார்களில் நல்லவர் என்று பெயரெடுத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். வாடியில் படுத்து வேளாண்மையைக் காக்கும் முல்லைக்காரரின் சொல்லைக் கேட்காமல் அவர்கள் விதைப்புக்கு நாள் குறிப்பதில்லை என்று என் அம்மப்பா சொல்லுவார்.

கட்டளை தேவைப்படும் நேரங்களும் உண்டு. 2011 ஜனவரியில் கிழக்கில் வெள்ளம் வந்தபோது, இரண்டாவது முகாமையாளர் எவரிடமும் கருத்துக் கேட்கவில்லை. யார் எந்தப் பக்கம், எந்த மூடை முதலில், எந்த மின்சார ஆளியை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனைவரும் அப்படியே செய்தார்கள். தங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த சிலர்கூட, பிள்ளைகளை உயரமான பாடசாலையில் விட்டுவிட்டு இரவில் தாமாகவே வந்து மூடைகளை மேடையில் ஏற்றினார்கள். அன்று அவர் பயன்படுத்தியது பதவியின் அதிகாரம்தான். ஆனால் அதற்கு முன்னர் இரண்டு ஆண்டுகள் அவர் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்த மதிப்பே அந்த இரவில் அதற்கு வலிமையைக் கொடுத்தது.

இப்போது நான் மட்டக்களப்பில் ஒரு சிறிய பொதியிடல் நிலையத்தை நடத்துகிறேன். அரிசி மாவும் மிளகாய்த் தூளும் பொதி செய்கிறோம். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதே போன்ற ஒரு கொப்பி இங்கேயும் தொங்குகிறது, அதே இரண்டு நிரல்களோடு. போன கிழமை, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதங்களான ஒரு பெண் பிள்ளை, ஒட்டு விடுபட்ட ஒரு மாப் பொதியைக் கையில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அடைத்து முடித்த இருநூறு பொதிகளும் அன்றே கடைகளுக்குப் போக வேண்டியவை. என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் ஓர் அடி பின்னே வைத்ததைக் கண்டேன். எப்போது கண்டாய் என்று, என்னால் முடிந்தவரை அமைதியாகக் கேட்டேன்.

"காலையில மிஸ். நீங்க கோவமா யாரோடயோ ஃபோன்ல கதைச்சிக்கொண்டு இருந்தீங்க."

இருவருமாக உட்கார்ந்து பொதிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். ஒட்டும் இயந்திரத்தின் சூடு குறைந்திருந்தது. கொப்பியில் கண்ட நேரத்தை அவளையே எழுதச் சொன்னேன். காலை ஒன்பதரை என்று எழுதினாள். சொன்ன நேரம் என்ற நிரலில் பிற்பகல் இரண்டு மணி என்று நான் எழுதி, அதன் பக்கத்தில் என் கையொப்பத்தை இட்டேன்.